ஆறு சொல்

கோப்பைத் திறக்கும் வரை
நான் அவனோடு பேசலாம்.
பேசினோம், மூன்று மணி நேரம்.
குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பவன் ஹெமின்;
வேறு ஏதோவும் பார்ப்பவன் என்கிறது அரசு.
'எதைக் கேட்கப் போகிறார்களோ
அதற்கு முன்பே பதில் சொல்லச் சொல்கிறீர்கள், மிஸ் கெல்லஹர்'
என்று சிரித்தான்.
பிறகு பிறந்த நாளிலிருந்து தொடங்கினான்,
தொலைந்தது எதுவென்று தெரியாமல்
வீடு முழுக்கத் துழாவுகிறவன் போல.

மறுநாள் திறந்தேன்.
அன்றிலிருந்து வாய்ப்பூட்டு.

வெலிங்டனில் காற்றுதான் முதல் குடிமகன்.
யாரையும் கேட்காமல் எந்தக் கதவையும் தட்டும்.
இந்த அறைக்குள் அதற்கும் இடமில்லை.
சன்னல் கிடையாது. கைபேசி தகரப் பெட்டியில்.
பக்க எண் அச்சிட்ட நோட்டு;
மாலையில் அது என் கையெழுத்தோடு
அறையிலேயே உறங்கும்.
வாசலில் மர்டோக், இஞ்சி பிஸ்கட்டோடு.
'உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது,
தெரியவும் வேண்டாம்' என்பார்
தினமும், நான் கேட்காமலே.

ரகசியம் என்றாலே பொய் என்று சொல்லிவிட்டு
வீட்டுக்குப் போக எனக்கும் ஆசைதான்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு ரயில் மேடையின் படம்.
அந்த மேடையில் நான் நிற்பதுண்டு,
எட்டே காலுக்கு, ஈரக் குடையோடு.
அதன் கீழே யாரோ சொன்ன தகவல்.
சொன்னவர் பெயர் இல்லை. பெயர் கசிந்தால்
அந்த ஆளுக்கு அடுத்த திங்கட்கிழமை இல்லை என்கிறார்கள்.
நம்புகிறேன்.
நம்பிய கையாலேயே பக்கத்தைப் புரட்டினேன்.

அங்கேதான் இடறியது.
ஒரு தேதி. ஒரு பொருள்.
'விளக்கம் ஏதுமில்லை' என்று ஓர் அதிகாரியின் நேர்த்தியான எழுத்து.
எப்படி இருக்கும்?
கேட்க வேண்டியவனிடம் யாரும் கேட்கவில்லையே.
கேட்க ஆறு சொல் போதும்.
(எத்தனை சொல் என்று சொன்னதே அதிகம்.)
அவன் ஒரே சொல்லில் பதில் தரக்கூடும்.
தராமல் தலை குனியவும் கூடும்.
எதுவானாலும் எனக்கு உறக்கம் வந்துவிடும்.

அனுமதி கோரி மனு போட்டேன்.
கேள்வியே ரகசியத்தின் வாலைக் காட்டிவிடும் என்றது எதிர்த்தரப்பு.
நீதிபதி மறுத்தார்.
தவறு என்று வாதிட என்னால் முடியவில்லை,
விழுங்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகச் சந்தை.
வெங்காயத்தாள் கட்டோடு எதிரே ஹெமின்.
கணுக்காலில் அந்தக் கருவி,
கால்சட்டைக்குள் சின்னப் புடைப்பு.
மகள் பக்கத்தில் ஆரஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
டாக்டர் வாய் திறக்கும் முன்
அவர் முகத்திலேயே அறிக்கையைத் தேடுகிறவர்கள் உண்டே,
அப்படிப் பார்த்தான் என்னை.
முகத்தையும் மூடிக்கொண்டேன்.

'காற்று அதிகம்' என்றேன்.
'இங்கே எப்போதுமே' என்றான்.
பிறகு, மெல்ல:
'என்னைப் பற்றி என்னைவிட
உங்களுக்குத்தான் இப்போது அதிகம் தெரியும்.
நல்லதாக ஏதாவது இருக்கிறதா அதில்?'

ஒரு கடையின் கூரைத் துணி அறுத்துக்கொண்டு பறந்தது.
கடைக்காரர் ஓடினார்.
பிடிக்க நானும் ஓடினேன்,
தேவைக்கு மேல் வேகமாக.

செவ்வாய், மூடிய அமர்வு.
அவன் நாற்காலி காலி.
எழுந்து நின்று நாற்பது நிமிடம் பேசினேன்,
அவனுக்கே அறிமுகமில்லாத ஹெமினைப் பற்றி.
ஒருவேளை வெல்வேன். வென்றாலும்
எதனால் என்று அவனிடம் சொல்ல மாட்டேன்.
தோற்றாலும்.

நோட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.
'மழை வருமா?' என்றார் மர்டோக்.
வானத்தைப் பார்த்தேன். தெரிந்தது.
சொல்ல வாயெடுத்து
ஒரு கணம் நின்றேன்,
அதற்கு அனுமதி உண்டா என்று.